காந்தத்திலிருந்து மின்சாரம் எடுத்த கொல்லன் மகன்

காலை வேளையில் மும்பை லோக்கல் ரயிலில் ஒற்றைக் காலில் நிற்க இடம் கிடைத்தால் போதும் என்று ஏறுகிறவர்கள், அந்த வண்டியை இழுப்பது எது என்று யோசித்துப் பார்ப்பதில்லை. மேலே கம்பியில் மின்சாரம் வருகிறது, அது வண்டியை ஓட்டுகிறது என்ற அளவில் எல்லோருக்கும் தெரியும். ஆனால் மின்சாரம் நேராகச் சக்கரத்தைப் பிடித்துச் சுற்றிவிடுவதில்லை. நடுவே காந்தம் இருக்கிறது. பெட்டிக்கு அடியில் உள்ள மோட்டாரில் மின்சாரம் காந்த சக்தியை உண்டாக்குகிறது. அந்தக் காந்தம் தள்ளுகிற வேகத்தில் சக்கரம் உருள்கிறது.

சரி, அந்த மின்சாரம் எங்கிருந்து வந்தது? அங்கேயும் காந்தம்தான். நீர்மின் நிலையமானாலும், அனல்மின் நிலையமானாலும், கம்பிச் சுருள்களுக்கு நடுவே ஒரு பெரிய காந்தம் சுழல்வதால்தான் மின்சாரம் பிறக்கிறது.

மின்சாரத்தைக் கொண்டு ஒரு பொருளை ஓயாமல் சுழல வைப்பது, சுழற்சியைக் கொண்டு மின்சாரம் எடுப்பது ஆகிய இரண்டையும் முதன் முதலில் செய்து காட்டியவர் ஒரே மனிதர். அவர் கல்லூரி வாசலை மிதித்தவர் அல்லர். கணக்குப் பாடமும் சரியாகத் தெரியாது. 13 வயதில் வீடு வீடாகப் பத்திரிகை போட்ட பையன். அவர் பெயர் மைக்கேல் பாரடே.

ஒரு வாரத்துக்கு ஒரு ரொட்டி

பாரடே 1791ம் ஆண்டு செப்டம்பர் 22ந் தேதி லண்டன் நகரை அடுத்த நியூயிங்டன் பட்ஸ் என்ற இடத்தில் பிறந்தார். தகப்பனார் ஜேம்ஸ் பாரடே கொல்லுப்பட்டறைத் தொழிலாளி. வட இங்கிலாந்திலிருந்து பிழைப்புத் தேடி லண்டனுக்கு வந்தவர். உடல் நலம் குன்றியவர். பட்டறைக்குப் போகும் நாளைவிடப் படுத்திருக்கும் நாள் அதிகம். 1801ல் தானிய விலை ஏறி ஏழைகள் தவித்தபோது, பத்து வயதை எட்டாத மைக்கேலின் கையில் தாயார் ஒரு ரொட்டியைக் கொடுத்துவிடுவார். அதை வைத்துக்கொண்டு ஒரு வாரம் ஓட்ட வேண்டும்.

எழுதப் படிக்க, கொஞ்சம் கூட்டிக் கழிக்க. இவ்வளவுதான் பள்ளிக்கூடத்தில் கிடைத்த படிப்பு. 1804ல் பிளாண்ட்போர்டு தெருவில் புத்தகக் கடை வைத்திருந்த ஜார்ஜ் ரீபோ என்பவரிடம் எடுபிடி வேலைக்குச் சேர்ந்தார். அந்த நாளில் பத்திரிகை விலை அதிகம். சொந்தமாக வாங்க முடியாதவர்கள் வாடகைக்கு வாங்கிப் படிப்பார்கள். ஒரு வீட்டில் கொடுத்து, அவர்கள் படித்து முடித்ததும் வாங்கி அடுத்த வீட்டில் கொடுப்பது மைக்கேலின் வேலை. ஒரு வருஷம் பையனின் நடத்தையைப் பார்த்த ரீபோ, பணம் எதுவும் கேட்காமல் அவனை பைண்டிங் தொழில் பழகச் சேர்த்துக்கொண்டார். ஏழு வருஷ ஒப்பந்தம்.

பைண்டிங்குக்கு வந்த புத்தகங்களைத் தைப்பதோடு பையன் நிற்கவில்லை. தைத்ததைப் படித்தான். பிரிட்டானிக்கா கலைக்களஞ்சியத்தின் ஒரு தொகுதி கட்டுவதற்கு வந்தபோது அதில் மின்சாரம் பற்றிய கட்டுரை கண்ணில் பட்டது. ஜேன் மார்ஸெட் என்ற பெண்மணி எழுதிய ரசாயன நூலும் அதேபோல் கைக்கு வந்தது. படித்தது உண்மைதானா என்று சோதித்துப் பார்க்காமல் அவனுக்கு நிம்மதி இல்லை. கிடைத்த சில்லறைக் காசில் கண்ணாடிப் புட்டியும் கம்பியும் வாங்கி, தேய்த்தால் மின்சாரம் உண்டாகும் ஒரு சிறு யந்திரத்தைத் தானே செய்தான்.

டேட்டம் என்பவர் தம் வீட்டில் மாலை நேரத்தில் விஞ்ஞானச் சொற்பொழிவு நடத்தி வந்தார். ஒரு சொற்பொழிவுக்குக் கட்டணம் ஒரு ஷில்லிங். தகப்பனார் தொழிலையே செய்து வந்த அண்ணன் ராபர்ட், சம்மட்டி பிடித்துச் சம்பாதித்த காசிலிருந்து அந்த ஷில்லிங்கைத் தம்பிக்குக் கொடுத்தார். 1810ல் தகப்பனார் காலமானார்.

வேலை கேட்டு ஒரு புத்தகம்

அந்தக் காலத்தில் லண்டனில் ஹம்ப்ரி டேவி என்றால் பெரிய பெயர். ராயல் இன்ஸ்டிட்யூஷன் என்ற ஸ்தாபனத்தில் அவர் பேசும் நாளில் செல்வந்தர்களின் வண்டிகள் தெருவை அடைத்து நிற்கும். 1812ல் கடைக்கு வந்த வாடிக்கையாளர் ஒருவர் டேவியின் நான்கு சொற்பொழிவுகளுக்கு மைக்கேலுக்கு டிக்கெட் கொடுத்தார். மாடத்தில் உட்கார்ந்து கேட்டதை எல்லாம் மைக்கேல் குறிப்பெடுத்தார். வீட்டுக்கு வந்து படங்களோடு விரித்து எழுதினார். முந்நூறுக்கும் மேற்பட்ட பக்கங்கள். தொழில் தெரிந்த கை அல்லவா? அழகாக பைண்டு செய்து, விஞ்ஞான வேலை ஏதாவது கிடைக்குமா என்று கேட்டு ஒரு கடிதத்தோடு டேவிக்கே அனுப்பி வைத்தார்.

டேவி கூப்பிட்டுப் பேசினார். இடம் காலியில்லை, பைண்டிங் தொழிலையே பார்த்துக்கொள்வது நல்லது என்று புத்தி சொல்லி அனுப்பினார். சில வாரங்களில் ஆராய்ச்சிக்கூடத்து உதவியாளன் அடிதடியில் ஈடுபட்டு வேலையை இழந்தான். டேவிக்கு அந்தப் புத்தகம் ஞாபகம் வந்தது. 1813 மார்ச் 1ந் தேதி மைக்கேல் பாரடே வேலையில் சேர்ந்தார். வாரத்துக்கு 25 ஷில்லிங் சம்பளம். மாடியில் இரண்டு அறை, குளிர் காய விறகு, வெளிச்சத்துக்கு மெழுகுவர்த்தி.

அதே வருஷம் டேவி தம்பதிகள் ஐரோப்பியப் பயணம் கிளம்பினார்கள். பாரடேயும் போனார். டேவியின் ஏவலாள் கடைசி நேரத்தில் வர மறுத்துவிட்டதால், மாற்று ஆள் கிடைக்கும் வரை அந்த வேலையையும் பார்த்துக்கொள்ளும்படி பாரடேயிடம் சொன்னார்கள். மாற்று ஆள் கடைசி வரை கிடைக்கவில்லை. பாரிஸில் ஆம்பியர், மிலானில் முதன் முதலில் பாட்டரி செய்த வோல்ட்டா என்று உலகப் புகழ் பெற்றவர்களைக் கண்ணால் காணும் பாக்கியம் ஒருபுறம். டேவியின் மனைவி அவரை வேலைக்காரனாகவே நடத்தி, எஜமானர்களோடு சமமாக உட்காரவிடாத அவமானம் ஒருபுறம். எல்லாவற்றையும் விட்டுவிட்டு ஊருக்குத் திரும்பி மறுபடியும் புத்தகமே கட்டலாமா என்றுகூட அவர் எண்ணியதுண்டு. பொறுத்துக்கொண்டார். 1815ல் திரும்பி வந்தபோது, பார்க்க வேண்டியவர்களைப் பார்த்துவிட்ட படிப்பாளியாக வந்தார்.

காந்தத்தின் பால பாடம்

அடுத்து நடந்தது விளங்க வேண்டுமானால் காந்தத்தைப் பற்றிச் சில விஷயங்களைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

காந்தத்துக்கு வடமுனை, தென்முனை என்று இரண்டு முனைகள். ஒரே ஜாதி முனைகள் ஒன்றையொன்று தள்ளும். எதிர் முனைகள் இழுத்துக்கொள்ளும். ஒரு காந்தத்தை நடுவில் உடைத்தால் வடமுனை தனியாகவும் தென்முனை தனியாகவும் கிடைக்கும் என்று நினைக்கத் தோன்றும். கிடைக்காது. ஒவ்வொரு துண்டும் இரண்டு முனையுள்ள முழுக் காந்தமாகிவிடும். திசைகாட்டியின் முள் வடக்கே திரும்பி நிற்பதற்குக் காரணம் பூமியே ஒரு பெரிய காந்தமாக இருப்பதுதான் என்று 1600ல் வில்லியம் கில்பர்ட் என்ற ஆங்கில வைத்தியர் எழுதி வைத்தார்.

இரும்பு ஏன் இப்படி ஒட்டிக்கொள்கிறது? இரும்பின் அணு ஒவ்வொன்றும் மிகச் சிறிய காந்தம். சாதாரண இரும்புத் துண்டில் அவை கூட்டம் கூட்டமாக ஆளுக்கொரு திசை பார்த்து நிற்பதால் ஒன்றின் பலத்தை மற்றொன்று கெடுத்துவிடுகிறது. காந்தத்தை அருகே கொண்டு போனால் எல்லாம் ஒரே பக்கம் திரும்புகின்றன. தேனிரும்பில் இந்த ஒழுங்கு, காந்தத்தை எடுத்ததும் பெரும்பாலும் கலைந்துவிடும். எஃகில் கலையாமல் தங்கிவிடும். நிலையான காந்தம் செய்ய எஃகும், வேண்டும்போது காந்தமாகி வேண்டாதபோது சும்மா இருக்க தேனிரும்பும் பயன்படுவது இதனால்தான். காந்தத்தை நெருப்பில் பழுக்கக் காய்ச்சினால் இந்த ஒழுங்கெல்லாம் குலைந்து சக்தி போய்விடும்.

இதில் அணுக்களைப் பற்றிய விவரம் 20ம் நூற்றாண்டில் தெரிய வந்தது. பாரடே காலத்தில் மின்சாரம் வேறு, காந்தம் வேறு என்றே வெகு காலமாக எண்ணியிருந்தார்கள். 1820ல் டென்மார்க் தேசத்துப் பேராசிரியர் ஓர்ஸ்டெட் அந்த எண்ணத்தை மாற்றினார். பாட்டரியிலிருந்து கம்பியில் மின்சாரம் பாயும்போது பக்கத்திலிருந்த திசைகாட்டியின் முள் திரும்பியது. மின்சாரத்தை நிறுத்தினால் முள் பழைய இடத்துக்கே வந்தது. அதாவது, மின்சாரம் ஓடும் கம்பியே ஒரு காந்தம். இந்தச் செய்தி ஐரோப்பா முழுவதும் பரவியது.

சுழன்ற கம்பியும் சுமந்த பழியும்

ஓர்ஸ்டெட் சொன்னதில் ஒரு புதுமை இருந்தது. முள் கம்பியை நோக்கி இழுக்கப்படவில்லை, கம்பிக்குக் குறுக்கே திரும்பியது. கம்பியைச் சுற்றி வட்டமாக ஏதோ ஒரு சக்தி சூழ்ந்திருக்கிறது என்று பாரடே புரிந்துகொண்டார். அப்படியானால் காந்தமும் கம்பியும் ஒன்றையொன்று சுற்றி வர வேண்டும் அல்லவா?

1821 செப்டம்பர் மாதம் ஒரு கிண்ணத்தில் பாதரசம் ஊற்றி நடுவே ஒரு காந்தத்தை நிறுத்தினார். மேலிருந்து ஒரு கம்பியைத் தொங்கவிட்டு அதன் நுனி பாதரசத்தில் படும்படி வைத்தார். பாட்டரியை இணைத்ததும் கம்பி காந்தத்தைச் சுற்றிச் சுற்றி வந்தது. மின்சாரம் உள்ளவரை நிற்கவே இல்லை. இன்றைய மின் விசிறிக்கும் ரயில் மோட்டாருக்கும் மூதாதை அந்தக் கிண்ணம். அதற்கு மூன்று மாதம் முன்புதான் அவருக்கும் சாரா பார்னார்டு என்ற பெண்ணுக்கும் கலியாணம் நடந்திருந்தது.

அவசரமாக இதை அச்சில் கொண்டுவந்ததுதான் வினையாயிற்று. வில்லியம் வொல்லாஸ்டன் என்ற பெரிய விஞ்ஞானி, மின்சாரம் பாயும் கம்பி தன்னைத் தானே சுற்ற வேண்டும் என்று எண்ணி, டேவியோடு சேர்ந்து முயன்று பார்த்திருந்தார். அது பலிக்கவில்லை. பாரடே செய்தது வேறு. ஆனாலும் கட்டுரையில் வொல்லாஸ்டன் பெயரைக் குறிப்பிடாததால், பெரியவரின் யோசனையை உதவியாளன் திருடிவிட்டான் என்று லண்டனில் பேச்சுக் கிளம்பியது. பணம் காசு இல்லாதவனுக்கு நாணயம் ஒன்றே சொத்து. அதிலேயே கை வைத்துவிட்டார்கள் என்று பாரடே துடித்துப் போனார். வொல்லாஸ்டனையே நேரில் கண்டு விளக்கினார். அவரும் பெருந்தன்மையாகவே நடந்துகொண்டார்.

டேவியின் மனம்தான் மாறிப்போயிற்று. ராயல் சொசைட்டி அங்கத்தினர் பதவிக்குப் பாரடேயின் பெயரை நண்பர்கள் முன்மொழிந்தபோது, சொசைட்டியின் தலைவராக இருந்த டேவியே அதை எதிர்த்தார். வாபஸ் வாங்கும்படி வற்புறுத்தினார். பாரடே இணங்கவில்லை. 1824 ஜனவரியில் ரகசிய வாக்கெடுப்பு நடந்தது. எதிராக விழுந்தது ஒரே ஒரு வாக்குதான். தூக்கிவிட்ட கையே தட்டிவிட வந்தபோதும், டேவியைப் பற்றிக் குறைவாக ஒரு வார்த்தை அவர் வாயிலிருந்து வந்ததில்லை. ஆனால் இந்தக் கசப்புக்குப் பின் பல வருஷங்கள் காந்தத்தின் பக்கம் அவர் அதிகம் போகவில்லை. ரசாயனத்தில் மூழ்கினார். குளோரின் வாயுவைத் திரவமாக்கினார். 1825ல் பென்சீனைக் கண்டுபிடித்தார். நல்ல கண்ணாடி செய்யும் ஆராய்ச்சியில் வருஷக்கணக்கில் அடுப்பங்கரையிலேயே நின்றார்.

செருப்புத் தைத்தவரின் மின்காந்தம்

இதற்கிடையே வேறு இருவர் காந்தத்துக்குப் பலம் கூட்டினார்கள். ஒருவர் வில்லியம் ஸ்டர்ஜன். சிறு வயதில் செருப்புத் தைக்கப் பழகியவர். பிறகு பட்டாளத்தில் சேர்ந்து தாமாகவே விஞ்ஞானம் படித்தவர். இந்தியாவுக்கு அனுப்பும் ராணுவ அதிகாரிகளைப் பழக்குவதற்காகக் கிழக்கிந்தியக் கம்பெனி ஆடிஸ்கோம்பில் நடத்திய கல்லூரியில் ஆசிரியராக இருந்தார். குதிரை லாடம் போல் வளைத்த இரும்புக் கம்பியின்மேல் வார்னிஷ் பூசி, செப்புக் கம்பியைச் சுற்றி, அதில் மின்சாரம் பாய்ச்சினார். சுமார் 200 கிராம் எடையுள்ள அந்த இரும்பு 4 கிலோ எடையைத் தூக்கி நிறுத்தியது. மின்சாரத்தை நிறுத்தினால் எடை பொத்தென்று விழுந்தது. 1825ல் இதைச் செய்து காட்டினார். உலகின் முதல் மின்காந்தம் இதுவே.

மற்றவர் அமெரிக்காவின் ஆல்பனி நகரப் பள்ளி ஆசிரியர் ஜோசப் ஹென்றி. ஸ்டர்ஜன் வெறும் கம்பியைச் சுற்றியதால் ஒரு சுற்று இன்னொரு சுற்றைத் தொடாமல் இடம் விட்டுத்தான் சுற்ற முடிந்தது. ஹென்றி கம்பிக்கே துணியுறை போட்டு, நெருக்கமாகவும் ஒன்றின் மேல் ஒன்றாகவும் சுற்றினார். சுற்றுகள் கூடக் கூடப் பலம் கூடியது. 1831ல் அவர் செய்த ஒரு மின்காந்தம் 900 கிலோவுக்கு மேல் தூக்கியது.

மின்காந்தத்தின் சூட்சுமம் இவ்வளவுதான்: கம்பியின் சுற்றுகள் அதிகம், பாயும் மின்சாரம் அதிகம், நடுவே நல்ல தேனிரும்பு. காந்தத்தை விளக்குப் போல ஏற்றவும் அணைக்கவும் முடிகிறது என்பதே இதன் பெருமை. வீட்டு வாசல் மணியைப் பாருங்கள். பொத்தானை அழுத்தினால் மின்காந்தம் சுத்தியலை இழுக்கிறது, சுத்தியல் மணியில் அடிக்கிறது. இழுபட்ட அந்த அசைவே மின்சாரத்தையும் துண்டித்துவிடுகிறது. சுத்தியல் பழைய இடத்துக்கு வந்ததும் மறுபடி இணைப்பு, மறுபடி அடி. தந்தியும் ரயில்வே ரிலேயும் இந்த இழுப்பையும் விடுப்பையும் நம்பி எழுந்தவைதான்.

முள் துள்ளிய நாள்

மின்சாரத்திலிருந்து காந்தம் கிடைக்கிறது. காந்தத்திலிருந்து மின்சாரம் கிடைக்காதா? 1822லேயே பாரடே தம் குறிப்பேட்டில், செய்ய வேண்டிய வேலை என்று இதை எழுதி வைத்திருந்தார். ஐரோப்பாவின் பெரிய தலைகள் எல்லாம் முயன்றுகொண்டிருந்தன. ஒருவருக்கும் கிட்டவில்லை. காரணம், எல்லோரும் காந்தத்தைக் கம்பியருகே அசையாமல் வைத்துவிட்டு மின்சாரத்துக்காகக் காத்திருந்தார்கள்.

ஜினீவாவில் கொலடான் என்பவரின் கதை பரிதாபமானது. காந்தத்தின் பாதிப்பு மின்சாரம் காட்டும் கருவியின்மேல் படக் கூடாது என்று கருவியைப் பக்கத்து அறையில் வைத்தார். இங்கே காந்தத்தைச் சுருளுக்குள் நுழைத்துவிட்டு அங்கே போய்ப் பார்ப்பார். முள் அசையாமல் நிற்கும். அவர் நடந்து போவதற்குள் அது துள்ளி அடங்கிவிட்டிருக்கும். ஒரு ஆள் உதவிக்கு இருந்திருந்தால் உலகப் புகழ் அவருக்குப் போயிருக்கும்.

டேவி 1829ல் காலமானார். கண்ணாடி வேலையையும் கைவிட்டு, 1831 ஆகஸ்ட் 29ந் தேதி பாரடே பழைய கேள்விக்குத் திரும்பினார். ஆறு அங்குல அகலமுள்ள ஒரு தேனிரும்பு வளையம். அதன் ஒரு பாதியில் ஒரு கம்பிச் சுருள், மறு பாதியில் இன்னொரு சுருள். கம்பிகள் தொடாமலிருக்க நடுவே நூலும் துணியும். இரண்டு சுருளுக்கும் ஒட்டு உறவு கிடையாது. முதல் சுருளைப் பாட்டரியோடு இணைத்தார். இரண்டாவது சுருளின் கம்பிக்கு அடியில் இருந்த காந்த முள் துள்ளியது. துள்ளி, ஆடி, அடங்கிவிட்டது. பாட்டரியிலிருந்து மின்சாரம் பாய்ந்துகொண்டே இருந்தது. முள்ளோ சும்மா இருந்தது. பாட்டரியைத் துண்டித்தார். முள் மறுபடி துள்ளியது, இம்முறை எதிர்த் திசையில்.

வேறொருவராக இருந்தால் ஏதோ கைபட்டுக் கம்பி அசைந்துவிட்டது என்று விட்டிருக்கலாம். பாரடே விடவில்லை. காந்த சக்தி இருப்பதால் மின்சாரம் வருவதில்லை, அது மாறும்போதுதான் வருகிறது என்ற உண்மை அந்த ஒரு துள்ளலில் அடங்கியிருந்தது. அக்டோபர் 17ந் தேதி ஒரு கம்பிச் சுருளுக்குள் காந்தத்தைச் சட்டென்று நுழைத்தார். முள் ஒரு பக்கம் திரும்பியது. வெளியே இழுத்தார். மறுபக்கம் திரும்பியது. பாட்டரியே இல்லாமல் மின்சாரம்! அக்டோபர் 28ந் தேதி ராயல் சொசைட்டியின் பெரிய காந்தத்தின் முனைகளுக்கு நடுவே ஒரு செப்புத் தகட்டைச் சுழற்றினார். சுழலும் வரை மின்சாரம் விடாமல் வந்தது. அந்தத் தகடே முதல் டைனமோ. ஆகஸ்டில் செய்த வளையமே முதல் டிரான்ஸ்பார்மர்.

அமெரிக்காவில் ஹென்றியும் இதே உண்மையைத் தாமாகவே கண்டிருந்தார். பள்ளி வேலைக்கு நடுவே அவர் எழுதி வெளியிடுவதற்குள் பாரடேயின் கட்டுரை வந்துவிட்டது. கண்டுபிடிப்பின் பெருமை பாரடேக்கே நின்றது.

கணக்கில்லாமல் கண்ட கோடுகள்

ஒரு காகிதத்தின் அடியில் காந்தத்தை வைத்து மேலே இரும்புத் தூளைத் தூவி லேசாகத் தட்டினால், தூள் ஒரு முனையிலிருந்து மறு முனைக்கு வளைவு வளைவாக வரிசை கட்டி நிற்கும். எல்லாப் பள்ளிகளிலும் காட்டுகிற வேடிக்கைதான். பாரடேக்கு அது வேடிக்கையாகத் தோன்றவில்லை. காந்தம் என்பது அந்த இரும்புத் துண்டோடு முடிந்துவிடுவதில்லை. அதைச் சுற்றிய வெற்றிடம் முழுவதும் விசைக் கோடுகள் பரவியிருக்கின்றன. கம்பி அந்தக் கோடுகளை வெட்டும்போது மின்சாரம் பிறக்கிறது. எவ்வளவு வேகமாக வெட்டுகிறதோ அவ்வளவு பலம். இதுதான் அவர் கொள்கை.

படித்த பண்டிதர்கள் இதை ஏற்கவில்லை. தூரத்திலிருந்தே ஒரு பொருள் இன்னொன்றை இழுக்கிறது, அதற்கு நியூட்டன் காலம் முதல் துல்லியமான கணக்கு இருக்கிறது என்றார்கள். அரசாங்க வானியல் நிபுணர் ஏரி, கோடுகள் என்ற தெளிவற்ற பேச்சைக் கணக்கு அறிந்த எவரும் பொருட்படுத்த மாட்டார் என்று எழுதினார். பாரடேயால் கணக்கில் பதில் சொல்ல முடியவில்லை. சொந்தப் பள்ளிப் படிப்பு கூட்டல் கழித்தலோடு நின்றுபோனதன் பலன் இது. அவரால் முடிந்தது மேலும் சோதனை செய்வதே. செய்த சோதனைகளை எண் போட்டு எழுதி வந்தார். கடைசிக் குறிப்பின் எண் 16,041.

1845ல் ஒரு கண்ணாடித் துண்டை மின்காந்தத்தின் அருகே வைத்து அதன் வழியே ஒளியைச் செலுத்தினார். காந்த சக்தி ஒளியின் அதிர்வுத் தளத்தைத் திருப்பியது. ஒளிக்கும் காந்தத்துக்கும் தொடர்பு உண்டு என்று காட்டிய முதல் சோதனை அது. இதில் வேடிக்கை என்னவென்றால், 1820களில் அடுப்பங்கரையில் வீணாய்ப் போன உழைப்பு என்று தோன்றிய காலத்தில் அவரே காய்ச்சிய கனமான கண்ணாடிதான் அன்று கைகொடுத்தது.

முள் துள்ளிய அதே 1831ல் ஸ்காட்லாந்தில் பிறந்தவர் ஜேம்ஸ் கிளார்க் மாக்ஸ்வெல். கணக்கில் புலி. இருபத்து நான்கு வயதில் அவர் எடுத்துக்கொண்ட பொருள் பாரடேயின் விசைக் கோடுகள். பாரடே படமாகக் கண்டதை மாக்ஸ்வெல் கணக்காக எழுதினார். கட்டுரை கைக்கு வந்தபோது கிழவருக்கு ஏற்பட்ட ஆறுதல் கொஞ்சமல்ல. கணக்குப் புலிகள் தங்கள் முடிவுகளைச் சாதாரண பாஷையிலும் எழுதினால் தன்னைப் போன்றவர்களுக்கு உபகாரமாக இருக்கும் என்று மட்டும் பணிவாகக் கேட்டுக்கொண்டார். பின்னாளில் அந்தக் கணக்கிலிருந்துதான் வானொலி அலைகள் வந்தன. இன்று பையிலுள்ள கைப்பேசி வரை அதன் சந்ததி.

வேண்டாம் என்ற மனிதர்

தொழிற்சாலைகளுக்கு யோசனை சொல்லிப் பெரும்பணம் சேர்த்திருக்கலாம். 1831க்குப் பிறகு அந்த வருமானத்தைத் தாமாகவே குறைத்துக்கொண்டு ஆராய்ச்சிக்கு நேரம் ஒதுக்கினார். 1835ல் அரசாங்க உபகாரச் சம்பளம் கொடுக்க வந்தபோது, பிரதம மந்திரி மெல்போர்ன் அப்படிப்பட்ட உதவிகளை இளக்காரமாகப் பேசினார். பாரடே உடனே மறுத்துவிட்டுத் திரும்பினார். மந்திரி வருத்தம் தெரிவித்த பிறகே வருஷத்துக்கு 300 பவுன் பெற்றுக்கொள்ளச் சம்மதித்தார். ராயல் சொசைட்டியின் தலைவர் பதவியும் பின்னாளில் தேடி வந்தது. கடைசி வரை வெறும் மைக்கேல் பாரடேயாகவே இருக்க விரும்பி அதையும் மறுத்தார்.

குழந்தைகள் அவருக்குப் பிறக்கவில்லை. ஆனால் கிறிஸ்துமஸ் விடுமுறையில் ராயல் இன்ஸ்டிட்யூஷனில் சிறுவர் சிறுமியருக்காகப் பத்தொன்பது முறை தொடர் சொற்பொழிவுகள் நடத்தினார். ஒரு மெழுகுவர்த்தியை வைத்துக்கொண்டே முழு ரசாயனத்தையும் விளக்குவார். கப்பல்களுக்கு வழிகாட்டும் கலங்கரை விளக்கங்களுக்கும் அவர் ஆலோசகர். 1858ல் சவுத் போர்லாண்டு கலங்கரை விளக்கத்தில், காந்தத்தைக் கொண்டு எடுத்த மின்சாரத்தால் விளக்கெரிந்தது. இருபத்தேழு வருஷத்துக்கு முன் தம் முன்னே முள்ளை அசைத்த சக்தி கடலுக்கு வெளிச்சம் காட்டுவதை அவர் கண்ணாரக் கண்டார்.

மறந்துபோன மனிதர்

ஐம்பதை நெருங்கும்போதே அவருக்கு ஒரு குறை வந்துவிட்டது. ஞாபக மறதி. நேற்றுச் செய்த சோதனை இன்று நினைவில் இராது. 1840 வாக்கில் வேலையை நிறுத்தி வெகுநாள் ஓய்வெடுக்க வேண்டியதாயிற்று. எண் போட்டு எழுதிய குறிப்பேடுகளே அவருக்கு ஞாபகமாக இருந்தன. ஒளியையும் காந்தத்தையும் இணைத்த சோதனை இந்தக் குறைக்குப் பிறகுதான் நடந்தது என்பதை நினைத்துப் பார்க்க வேண்டும். 1862ல் ராயல் இன்ஸ்டிட்யூஷனில் கடைசிச் சொற்பொழிவை நிகழ்த்தினார். விக்டோரியா ராணி ஹாம்ப்டன் கோர்ட்டில் குடியிருக்க ஒரு வீடு கொடுத்திருந்தார். 1867 ஆகஸ்ட் 25ந் தேதி அங்கே, நாற்காலியில் அமர்ந்தபடியே பாரடே காலமானார். மகான்களைப் புதைக்கும் வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயத்தில் இடம் வேண்டாம் என்பது அவர் விருப்பம். ஹைகேட் மயானத்தில் பெயரும் தேதிகளும் மட்டும் பொறித்த ஒரு கல்லின் கீழ் அடக்கமானார்.

1925 பிப்ரவரி 3ந் தேதி அன்றைய பம்பாய் விக்டோரியா டெர்மினஸிலிருந்து குர்லாவுக்கு இந்தியாவின் முதல் மின்சார ரயில் ஓடியது. சென்னை கடற்கரையிலிருந்து தாம்பரத்துக்கு மின்சார ரயில் ஓடத் தொடங்கியது 1931ல். லண்டனில் அந்த முள் துள்ளிச் சரியாக நூறு வருஷம் கழித்து.

அந்த இரும்பு வளையம் இன்றும் லண்டனில் ராயல் இன்ஸ்டிட்யூஷனில் இருக்கிறது. சுற்றியிருக்கும் நூலையும் துணியையும் பார்த்தால் புத்தகம் தைத்த கைவேலை என்று தெரியும்.